நூற்று இருபத்தொன்பது கிராம்

என் அத்தானைக் கடைத்தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "கிராம் வந்துட்டாரா", "கிராம்கிட்ட காட்டினியா" என்றுதான் பேச்சு. தராசு பழுதுபார்ப்பது அவர் தொழில். மளிகைக் கடை, மருந்துக் கடை, பஞ்சு மண்டி என்று எங்கே எந்தத் தராசு மக்கர் பண்ணினாலும் இவருக்குத்தான் ஆள் வரும். ஒருமுறை ஒரு கடைக்காரர், "மூணு கிராம்தானே கூடக் காட்டுது, விடுங்க" என்று சொல்லியிருக்கிறார். இவர் அந்தத் தராசைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடையை விட்டு இறங்கிவிட்டார். சரிபண்ணும் வரை கடையைச் சாத்திக்கொள் என்று நடுத்தெருவில் சண்டை. அன்று ஒட்டிக்கொண்ட பெயர் அது.

நான் தையற்காரன். அவர் பட்டறைக்கு நேர் எதிரே என் கடை. இந்த இடத்தை எனக்குப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். அக்காவின் தம்பி என்ற உரிமையில் அவரைப் பற்றி நான் வாய்க்கு வந்ததைப் பேசுவேன். வேறு யாராவது பேசினால் எனக்குப் பொறுக்காது. இதை எழுதும்போதும் அப்படித்தான்.

அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு விமானம் செய்வது. பொம்மை விமானம் என்று சொன்னால் அவருக்கு முகம் சுருங்கும், அதனாலேயே நான் அப்படித்தான் சொல்வேன். இறக்கை ஒரு முழம் இருக்கும். ஆனால் மொத்த விமானமும் ஒரு கிராமும் கொசுறும்தான் எடை. என் கடையில் நான்கு சட்டைப் பொத்தான்களைச் சேர்த்து நிறுத்தால் அதைவிடக் கனமாக இருக்கும். பால்சா என்றொரு மரம், உலகத்தில் அதைவிட லேசான மரம் கிடையாது என்பார். அதைச் சீவிச் சீவி எலும்புக்கூடு செய்து, பார்த்தால் தெரியாத ஒரு மெல்லிய தாளை இறக்கையில் போர்த்துவார். மோட்டார், பேட்டரி எதுவும் இல்லை. முறுக்கிய ரப்பர் நாடா ஒன்று, அது பிரியப் பிரிய புரொப்பல்லர் சுற்றும். பக்கத்தில் நின்று தும்மினால் போயிற்று. அதனால் காற்றே அசையாத பெரிய கூடத்துக்குள்தான் பறக்கவிட முடியும்.

எங்கள் ஊரில் அப்படி ஒரு கூடம் உண்டு. வருடம் முழுக்கப் பொருட்காட்சி நடக்கும் இடம். ஒரு பொருட்காட்சி காலிசெய்து அடுத்தது வருவதற்கு நடுவில், வருடத்தில் ஒரே ஒரு வாரம் கூடம் சும்மா கிடக்கும். அங்கே எலக்ட்ரீஷியனாக இருப்பவர் அத்தானுக்குச் சிநேகிதர். அந்த வாரத்தில் மட்டும் பின்வாசலைத் திறந்துவிடுவார்.

நான் முதல்முறை கூடப் போனது கேலிபேசத்தான். அத்தான் விரல் நுனியில் பிடித்து விட்டார். எறியவில்லை, விட்டார், அவ்வளவுதான். அது ஒரு மனிதர் நடக்கிற வேகத்தில் எங்கள் தலைக்கு மேலே வட்டம் போட ஆரம்பித்தது. சத்தமே இல்லை. வட்டம் வட்டமாக ஏறிக் கூரையின் இரும்புச் சட்டங்களுக்குக் கீழே போய், அங்கே கொஞ்ச நேரம் யோசித்து, அப்புறம் அதே நிதானத்தில் இறங்கியது. கழுத்து வலித்தது எனக்கு. ஆனாலும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. அன்றோடு கேலி நின்றதா என்றால் நிற்கவில்லை, கொஞ்சம் குறைந்தது.

பதினேழு நிமிடம் நாற்பது விநாடி. அதுதான் அவருடைய அதிகபட்சம். அவருக்கு இருபது நிமிடம் வேண்டும். இருபது நிமிடம் பறந்தால் யார் என்ன கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். ஒருவரும் ஒன்றும் கொடுக்கப்போவதில்லை. பார்ப்பதற்கே அந்த எலக்ட்ரீஷியனும் நானும்தான். "இருபது வரும் மாப்ளே. கணக்கு போட்டுட்டேன். மரம்தான் சரியா அமையணும்" என்பார்.

அந்த மரம்தான் அவரை ஆட்டிப்படைத்தது. பால்சா எல்லாம் பால்சா இல்லை. ஒரே மரத்தில் வேர்ப்பக்கம் ஒரு கனம், நுனிப்பக்கம் ஒரு கனம். கடைகளில் கிடைப்பது விறகுக்குத்தான் ஆகும் என்று திட்டுவார். விமானத்தின் முதுகுத்தண்டு என்று அவர் சொல்லும் நடுக்குழலுக்கு மட்டும், ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு எழுபது கிராமைத் தாண்டாத மரம் வேண்டும். அந்த மரத்தைத் தாள் கனத்துக்குச் சீவி, நனைத்து, ஒரு கம்பியின் மேல் உருட்டிக் குழலாக ஆக்குவார். முறுக்கிய ரப்பரின் இழுப்பு முழுவதையும் அந்தக் குழல்தான் தாங்க வேண்டும். கனமான மரமென்றால் ஏறாது. லேசாக இருந்து நரம்பு சரியில்லையென்றால் நடுவில் மடங்கும். மெல்லிதாக அறுத்த மரத்தகடு ஒன்றை எடுத்தால் முதலில் வெளிச்சத்தில் பிடிப்பார், அப்புறம் நகத்தால் அழுத்துவார், கன்னத்தருகே வைத்து மெல்ல வளைத்துச் சத்தம் கேட்பார். பெண் பார்க்கப் போனபோது அக்காவை இவ்வளவு பார்த்திருக்க மாட்டார்.

எங்கெங்கே தேடவில்லை. மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தின் அலமாரியைக் குடைந்தார். உடைத்த கப்பல்களின் சாமான் விற்கிற இடத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பழைய உயிர்காக்கும் மிதவைகளுக்குள்ளே பால்சா வைத்திருப்பார்களாம். அரை நாள் பெயின்ட்டைச் சுரண்டி உள்ளே பார்த்தால் உப்பேறிக் கல்லாகிக் கிடந்தது. என் சட்டை முழுக்கச் சிவப்பு பெயின்ட். வழியெல்லாம் நான் பேசவில்லை, அவரும் பேசவில்லை, வெவ்வேறு காரணத்துக்காக.

என் கடைக்கு வரும்போதெல்லாம் அவர் ஒரு வித்தை காட்டுவார். நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தால், பிடுங்கி ஒரே தடவையில் கோத்து நீட்டுவார். பெருமை முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்வார், எனக்குத் தெரியும். ஒருநாள் அப்படித்தான் வாங்கினார். முதல் தடவை தவறியது. இரண்டாவது தடவையும் தவறியது. மூன்றாவது தடவை ஊசியே கீழே விழுந்தது.

"கண்ணாடி போடற வயசு வந்துருச்சு அத்தான்" என்றேன் நான்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். வலதுகையை மேசைமேல் வைத்தார். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தம்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன. "டாக்டர்கிட்ட காட்டிட்டேன். நிக்காதாம். ஒரு வருஷம் நுணுக்க வேலை பார்க்கலாம், அதுக்கப்புறம் கஷ்டம்கிறார்."

டீ சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

"வர்ற வருஷத்து வாரம்தான் மாப்ளே. அதுக்கு அடுத்தது எனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு எதிரே போய்விட்டார்.

கடலுக்கு அந்தப்பக்கம் பால்சா அறுத்து விற்கும் ஒரு மரக்காரர் இருந்தார், அவருக்கும் இதே விமானக் கிறுக்கு. அத்தான் அவரை நேரில் பார்த்ததில்லை. இருபது வருடமாகக் கடிதத்திலேயே பழக்கம். நல்ல தகடு கிடைத்தால் இரண்டு மூன்று அனுப்பி வைப்பார், விமானத் தபாலில் வரும். அந்த மனிதருக்கு அத்தான் தன் கையைப் பற்றி எழுதினார். பதில் வந்தது. ஒரு மரத்தை மட்டும் எனக்கென்று எடுத்து வைத்திருந்தேன், அதில் மிச்சமிருப்பது ஒரு கட்டைதான், என் கண் இனி உதவாது, நீ எடுத்துக்கொள், கப்பலில் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார். அத்தான் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். துவைக்கும்போது அக்கா எடுத்து எடுத்து வைப்பாள்.

ஆறு வாரத்தில் வரவேண்டியது பதினான்கு வாரம் ஆயிற்று. வந்து சேர்ந்தபோது அடைமழை. கூடத்து வாரத்துக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. அக்கா பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த நேரம், தபால்காரர் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். நானும் கத்தரியோடு ஓடினேன். அட்டைப்பெட்டி தொளதொளவென்று இருந்தது, கயிற்றை வெட்டியதும் தானாகவே பிரிந்துகொண்டது. உள்ளே இரண்டு அடி நீளத்தில், உள்ளங்கை அகலத்தில், ஓர் அங்குல கனத்தில் ஒரு கட்டை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தானிடம் ஒரு சட்டம் உண்டு. எந்த மரம் வந்தாலும் பட்டறை விளக்குக்கு மேலிருக்கும் பலகையில் ஒரு மாதம் கிடக்கணும், அதன் பிறகுதான் தராசு. பஞ்சு மண்டியில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றுகிறவர்களை வாசலில் நின்று மோந்தே கண்டுபிடிக்கிற மனிதர் அவர். அப்படிப்பட்டவர் அன்று பெட்டியைப் பிரித்த கையோடு கட்டையைத் தராசில் வைத்தார். பதினான்கு வாரம் காத்த பொறுமை அந்த இடத்தில் தீர்ந்துபோயிருந்தது.

"நூத்தி இருபத்தொன்பது" என்றார். தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்து மூடி மறுபடியும் வைத்தார். அதே எண்.

"எவ்வளவு இருக்கணும்?" என்றேன்.

"ஒண்ணரை லிட்டர் கட்டை, நூத்தி அஞ்சுக்கு மேல போகக் கூடாது."

அக்கா அட்டையைத் தடவிப் பார்த்தாள். "பெட்டியே நமுத்துக் கிடக்குங்க. கொஞ்ச நாள் கிடக்கட்டுமே. ஒரு மாசம் வைக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"ஒரு மாசம் வெச்சா ரெண்டு கிராம் இறங்கும், மூணு கிராம் இறங்கும். இருபத்திநாலா இறங்கும்? எனக்கா எடை சொல்லித் தர்றே?"

அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தான் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை. அதுவரை அவருக்கு வந்ததெல்லாம் மெல்லிய தகடுகள், ஆகாயத்தில் வந்தவை, அவற்றில் ஈரம் எவ்வளவு ஒட்டும். கட்டையாக, கப்பலில், மழையில் வந்தது இதுதான் முதல்தடவை. அது அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எனக்குத் தோன்ற நான் யார், எனக்குத் துணி நனைந்தால்தான் தெரியும்.

அங்கேயே உட்கார்ந்து அந்த மரக்காரருக்குக் கடிதம் எழுதினார். எழுத்து ஆடிக்கொண்டு போனது, விஷயம் ஆடவில்லை. இருபது வருடம் நம்பினேன், கடைசி நேரத்தில் குப்பையைத் தலையில் கட்டிவிட்டீர் என்று எழுதினார். ஒட்டி என்னிடம் நீட்டினார். நான்தான் மழையில் நனைந்துகொண்டு போய்த் தபாலில் போட்டேன்.

"இந்தக் கட்டையை என் கண்ணுல காட்டாத. எங்கயாவது கொண்டுபோ" என்றார்.

கொண்டுபோனேன். எனக்கு அது நல்ல சாமானாகப் பட்டது. குண்டூசியைத் தொட்டால் போதும், வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. நடுவில் அறுத்து இரண்டு துண்டாக்கினேன். ஒன்றை இஸ்திரிப் பெட்டியை வைக்கும் பலகையாக்கினேன், ஒரே வாரத்தில் கருகிவிட்டது. இன்னொன்றை வெட்டுமேசையில் வைத்துக் குண்டூசி குத்தி வைக்க வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு நூறு தடவை குத்துவேன், எடுப்பேன். அது இஸ்திரிச் சூட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. மழைக்காலமானாலும் என் கடையில் சூட்டுக்காக மேசை ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும்.

கூடத்து வாரத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அத்தான் என் கடைக்கு வந்தார். கையில் இருந்த மரங்களில் தேறியதை வைத்து விமானம் செய்து முடித்திருந்தார். அதைக் கொண்டுபோகும் பெட்டிக்குத் துணியில் பை தைக்க வேண்டும். பெட்டியைத் தரையில் வைத்து, எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து அளவு சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஃபேனை என் பக்கம் திருப்பினேன். மேசைமேல் இருந்த கட்டை குண்டூசிகளோடு மெல்ல நகர்ந்து, விளிம்புவரை போய், கீழே விழுந்தது. முந்தின வாரம்கூட அது அப்படி நகர்ந்ததில்லை.

"சனியன், ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது" என்று எடுத்து வைத்து அதன்மேல் கத்தரியை வைத்தேன். அத்தான் திரும்பவில்லை. "அகலம் பதினாறு, எழுதிக்கோ" என்றார். அன்று சாயங்காலம் நான்கு மூலையிலும் ஸ்க்ரூ போட்டு அதை மேசையோடு முடுக்கிவிட்டேன்.

கூடத்துக்குக் கடைசி நாள் நானும் போனேன். ஏழு தடவை பறக்கவிட்டார். நன்றாகத்தான் பறந்தது. கூரைவரை ஏறவில்லை, முக்கால் உயரத்தில் களைத்துவிட்டது. அதிகபட்சம் பதினேழு நிமிடம் ஐந்து விநாடி. அத்தான் தரையில் உட்கார்ந்தார், கால்களை நீட்டிக்கொண்டார்.

"அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் கிராம் சார்" என்றார் எலக்ட்ரீஷியன். அவருக்குக் கை விஷயம் தெரியாது.

அத்தான், "முதுகுத்தண்டு கனம்" என்று மட்டும் சொன்னார். நான் பையை மடித்தேன்.

மழை போய் வெயில் வந்தது. கை மோசமாகிக்கொண்டே போனது. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்தார். மருந்துக் கடைத் தராசுகளை வேறு யாரிடமோ அனுப்பிவிட்டார், மூட்டை நிறுக்கும் தராசு மட்டும் பார்த்தார், அதில் சுத்தியலும் ஸ்பேனரும் போதும். ஒருநாள் என்னை உட்காரவைத்துச் சாதா மரத்தில் குழல் உருட்டச் சொல்லிக் கொடுத்தார். என் கை துணியை இழுத்துப் பிடித்துப் பழகின கை. மூன்று குழலையும் நசுக்கினேன். "சரி விடு" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என் வெட்டுமேசையின் மேல்பலகை விரிசல் விட்டிருந்தது, மாற்ற வேண்டும் என்று ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். அப்போது அத்தான் உள்ளே வந்தார். இரண்டு கையிலும் சாமான் இருந்ததால், "இதைக் கொஞ்சம் பிடிங்க அத்தான்" என்று கட்டையை அவரிடம் கொடுத்தேன்.

வாங்கியவர் அப்படியே நின்றார். கை ஆடிக்கொண்டுதான் இருந்தது. முகம் மட்டும் அசையவே இல்லை. "ஊசியை எல்லாம் எடு" என்றார்.

எடுத்தேன். கட்டையை மறுபடி வாங்கிக்கொண்டு தெருவைக் குறுக்கே கடந்து பட்டறைக்குப் போனார். ஒரு ஆட்டோ பிரேக் போட்டுத் திட்டிவிட்டுப் போனது, அவருக்குக் காதில் விழவில்லை. அளவுகோலை வைத்து நீளம், அகலம், கனம் பார்த்தார். தராசில் வைத்தார். பாதிக் கட்டைக்கு ஐம்பத்திரண்டரை வரை இருக்கலாம். நாற்பத்தொன்பதரை காட்டியது.

"அறுபத்தாறு" என்றார். "லிட்டருக்கு அறுபத்தாறு. நான் இந்த மாதிரி தொட்டதே இல்ல."

இன்னொரு பாதி எங்கே என்று கேட்டார். கருகிய பலகையைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுக்கு ஏன் ஸ்க்ரூ போட்டே?"

"ஃபேன் காத்துல நகர்ந்துட்டே இருந்துச்சு அத்தான்."

"எப்போல இருந்து?"

எனக்குத் தெரியும். அவர் குனிந்து நின்றதும், அகலம் பதினாறு என்றதும், நான் சனியன் என்று சொன்னதும் எல்லாம் தெரியும். பத்து நாள் இருந்தது. ஒரு குழல் உருட்ட அவருக்கு இரண்டு நாள் போதும். அப்போது அவர் கையும் இவ்வளவு மோசமில்லை.

"சரியா ஞாபகம் இல்ல. வெயில் வந்தப்புறம்னு நினைக்கிறேன்" என்றேன்.

பட்டறையில் அவரே செய்த சின்ன ரம்பம் ஒன்று உண்டு. கட்டையைத் தள்ளினால் போதும், தகடு தகடாக அறுத்துக் கொடுக்கும், கை ஆடினாலும் பரவாயில்லை. மூன்று நாள் அறுத்தார். ஒவ்வொரு தகட்டையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்ததை என் கடையிலிருந்தே பார்த்தேன். நான் எதிரே பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன், ஒரு சட்டையில் ஒரே பொத்தானை இரண்டு முறை தைத்துவிட்டேன். நாலாவது நாள் போய்க் கேட்டேன்.

"இருபத்தஞ்சு சென்டிமீட்டர் ஓட்டையில்லாம வேணும். நீளமானது பத்தொன்பது வருது" என்றார். ஒரு குண்டூசித் துளை இருந்தால்கூட, குழலாக உருட்டி ரப்பரை முறுக்கும்போது சரியாக அந்த இடத்தில்தான் மடங்குமாம். ஒட்டுப்போட்டால் கனம். "இருந்தாலும் யார் உருட்டப்போறா?" என்றார், அதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

மரக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். பேனாவைப் பிடிக்க முடியவில்லை. அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அந்த மொழி தெரியாத அக்கா பார்த்துப் பார்த்து எழுதினாள். "அன்னைக்கே சொன்னேன்" என்று அக்கா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லித் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அத்தான் அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். இன்னொரு கையில் அந்தத் தகடுகளை ஒரு தாளில் சுற்றி வைத்திருந்தார். அவற்றை மேசையில் வைத்து, "அளவு மாதிரி வெட்ட, ஊசி குத்த உனக்கு உதவும்" என்றார். ஸ்டூலில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்து எனக்குச் சொன்னார்.

எழுதியிருந்தது மரக்காரரின் மகள். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறதாம். அத்தான் திட்டி எழுதிய கடிதம் வந்தபோது உயிரோடுதான் இருந்தாராம். மகள் படித்துக் காட்டக் கேட்டுச் சிரித்தாராம். ஈரத்தோடு எடை போட்டுவிட்டான், ஒரு மாதம் காயவைத்துப் பார்க்கச் சொல்லி உடனே எழுது, அவனிடமிருந்து மன்னிப்புக் கடிதம் வரும் பார் என்றாராம். அந்த வாரமே அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. எழுத மறந்துவிட்டேன், உங்கள் மன்னிப்புக் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது, தயவுசெய்து மன்னிக்க வேண்டும் என்று முடித்திருந்தாள்.

அத்தான் கடிதத்தை மடித்தார். சரியாக மடிக்க வரவில்லை, மூலை ஒன்றோடொன்று சேரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு ஏதோ கணக்குப் போட்டார். அவர் கணக்குப் போடும்போது உதடு அசையும்.

"ஒரு மாசம்" என்றார். "பெட்டி வந்து ஒரு மாசம்னா, கூடத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்னாடி."

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கோத்த நூலை உருவிவிட்டு மறுபடி கோத்தேன்.

"பை தைக்க வந்தேனே மாப்ளே. அன்னைக்கு ஃபேன் ஓடிட்டுதானே இருந்துச்சு?"

பொய் சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை, ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா அத்தான்" என்றேன். "அன்னைக்குத்தான் முதல்ல விழுந்துச்சு. உங்க முதுகுக்குப் பின்னாடி."

திட்டுவார் என்று காத்திருந்தேன். மூன்று கிராமுக்காக நடுத்தெருவில் நின்று கத்திய மனிதர். திட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், அது தலையாட்டலா அல்லது கழுத்திலும் நடுக்கம் வந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஃபேன் எங்கள் பக்கம் திரும்பியது. தாள் பிரிந்து மேல் தகடு ஒன்று எழும்பியது. ஒரு நொடி மேசைமேல் நின்றது, அப்புறம் மேலே போய்விட்டது. தொங்கவிட்டிருந்த சட்டைகளின் மேலாக, அவசரமே இல்லாமல், கடையின் அந்தக் கோடிவரை போயிற்று. வாசல் வெளிச்சத்துக்கு நேராக வந்தபோது என் குண்டூசித் துளைகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. சுவரில் பட்டு, பழைய துணிக் குவியலில் இறங்கியது.

அத்தான் இடதுகை மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எழும்பிய அந்த நொடியே பார்த்திருக்க வேண்டும், பழக்கம்.

"எவ்வளவு?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஆறு செகண்ட்" என்றார். எழுந்து, மூலை சேராத கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மண்டியில் மூட்டைத் தராசு ஒன்று காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.